கரகம் பாலிக்கும் ஆத்தின் கதை

 

திருவிழாவுக்குக் கரகம் பாலிக்க நாம இறங்குற சிலாங்கூர் ஆறு எங்கிருந்து வருதுன்னு நம்ம பிள்ளைகளுக்குத் தெரியல. ஃபிரேசர் மலைப் பக்கத்துல பிறந்து, கோல குபு பாரு பள்ளத்தாக்கு வழியா இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தை தோட்டங்களைத் தொட்டு (பெஸ்தாரி ஜெயான்னு சொல்ல நமக்கு இன்னும் வாய் வரல), கோல சிலாங்கூர்ல கடல் சேருது.

அந்தப் பள்ளத்தாக்கு இப்போ அமைதியா இருக்கு. 1883 அக்டோபரில் அங்கிருந்த பழைய அணை உடைஞ்சு ஊரையே அடிச்சிட்டுப் போச்சு. ரேங்கிங் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் செத்தார். ஆத்தைக் காவல் காத்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் என்று மலாய்க்காரர்கள் கதை சொல்வாங்க. நம்ம முனியாண்டி கதை மாதிரியே இருக்கு, பாருங்க! அந்த இடத்துக்குப் பேரே அம்பாங் பெச்சா, அதாவது உடைஞ்ச அணை.

பிறகு ஈயச் சுரங்க மண் ஆத்தை மேடாக்கி, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. அதனால் 1930 வாக்கில் ஊரையே மேட்டுக்கு மாத்தினாங்க. 'பாரு' என்றால் புதுசு.

2000க்குப் பிறகு மேலே புது அணை கட்டினப்போ, பெர்த்தாக், கெராச்சி என்ற ரெண்டு தெமுவான் பூர்வகுடிக் கம்பங்கள் இடம் மாறின. தோட்டம் வித்து, லயம் உடைச்சு, அம்மனைத் தூக்கிக்கிட்டு வந்த நமக்கு அந்த வலி புரியும்.

இந்த வருஷம் கரகம் பாலிக்கும் முன் பத்து நிமிஷம் இந்தக் கதையைப் பெரியவங்க ஆத்தங்கரையிலேயே சொல்லுவாங்க. பிள்ளைகளைக் கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வாங்க.