கான்டெசாவின் பின்பக்கம்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 1993ல் ஒருநாள் அதில் பாதியைத் தாண்டியிருப்போம். எதிரே பஸ் வந்ததால் சித்தப்பா காரை நிறுத்தினார். பஸ் போனதும் ஆக்சிலேட்டரை மிதித்துக் கிளட்சை விட்டார். பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். இஞ்சின் உறுமுது, ஸ்பீடாமீட்டர் முள்கூட ஏறுது, ஆனா வண்டி பின்னாடி உருளுது. நல்லவேளை, பிரேக் பிடித்தது. "டேய், எறங்கிக் கல்லு வைடா!" எனக்கு அப்போ வயசு 13. கல்லு வைத்தது நான்தான்.

அந்தக் கார் 1985 மாடல் கான்டெசா. அதன் கதையை 1972ல் இங்கிலாந்திலிருந்து தொடங்கணும். அந்த வருஷம் வந்த வாக்ஸ்ஹால் விக்டர் காரின் உடம்புதான் பிற்பாடு நம்மூர் கான்டெசா ஆனது. அங்கே அந்த உடம்புக்குள் 1.8, 2.3 லிட்டர் இஞ்சின்கள் இருந்தன. வென்டோரா என்ற பெயரில் 3.3 லிட்டர், ஆறு சிலிண்டர் ரகமும் ஓடியது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல் அதை இங்கே கொண்டுவந்தபோது உள்ளே வைத்தது அம்பாசிடரின் 1489 சி.சி. இஞ்சின். சுமார் 50 குதிரைசக்தி. லைசென்ஸ் ராஜ்ய காலத்தில் புது இஞ்சினுக்கு அனுமதி, அந்நியச் செலாவணி என்று அலைவதைவிடக் கையில் இருப்பதை மாட்டுவது சுலபம்.

கான்டெசாவை மட்டும் கேலி செய்யக்கூடாது. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1985ல் 'ஸ்டாண்டர்டு 2000' காரைக் கொண்டுவந்தது. உடம்பு ரோவர் எஸ்.டி.1. இங்கிலாந்தில் 1976ல் 3.5 லிட்டர் வி-8 இஞ்சினோடு வந்த கார் அது. இங்கே அதற்குள் போனது 1991 சி.சி. இஞ்சின், பழைய வான்கார்ட் காருக்கும் ஃபெர்குசன் டிராக்டருக்கும் உழைத்த அதே பரம்பரை! அந்தக் கார் சில வருஷம்தான் தாக்குப்பிடித்தது.

ஆக, எண்பதுகளில் நம் சாலைகளில் பெரிய உடம்பும் சின்ன இஞ்சினுமாக, பின்சக்கரம் இழுக்கும் கார்கள் இருந்தன. கம்பெனி விட்ட குறையைப் பட்டறைகள் முடித்துவைத்தன. பிறகு இந்துஸ்தான் மோட்டார்ஸே ஜப்பானின் இசுசூ 1.8 லிட்டர் இஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் கான்டெசாவுக்குக் கொடுத்தது. ஏறக்குறைய 88 குதிரைசக்தி. பழைய 1.5 வைத்திருந்தவர்களுக்கு வயிற்றெரிச்சல். விபத்தில் நொறுங்கிய ஒரு 1.8 வண்டியின் இஞ்சினையும் கியர் பெட்டியையும் வாங்கித் தன் காரில் ஏற்றினார் சித்தப்பா. (புது இஞ்சின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற அவர் அலைந்தது தனிக்கதை.) அதைக் கட்டிக்கொடுத்த பட்டறை பின் ஆக்சிலைத் தொடவே இல்லை.

உடைந்த காரைக் கட்டி இழுத்து இறக்கியதும், சித்தப்பா இந்த முறை கார் பட்டறைக்குப் போகவில்லை. நாமக்கல்லில் ஒரு லாரி மேஸ்திரியிடம் கொண்டுபோனார். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர் அது. சேஸியை நீட்டினால் புரொபெல்லர் ஷாஃப்ட்டையும் நீட்டணும், பற்றவைக்கணும், பேலன்ஸ் பார்க்கணும், இரண்டு முனையிலும் உள்ள ஜாயிண்ட்டுகள் ஒரே நேரில் நிற்கணும். இஞ்சினிலிருந்து சக்கரம் வரை விசை எப்படிப் போகிறது என்பது அந்த ஊருக்கு அன்றாட வேலை.

மேஸ்திரி டிரம்மைக் கழற்றி, உடைந்த ஆக்சில் ஷாஃப்ட்டின் இரண்டு துண்டையும் வெளியே எடுத்தார். "இஞ்சினைப் பெருசாக்கிப்போட்டீங்க, சரிங்க. பொறகால இருக்கறத யாருங்க பாத்தது?"

கணக்கு எளிது. ஒரு உதாரணத்துக்கு, இஞ்சின் 10 அலகு முறுக்கு தருது, முதல் கியர் 3.5 மடங்கு, ஆக்சில் 4.5 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலுக்கு வந்துசேர்வது 157.5. இஞ்சினில் 4 அலகு கூட்டினால் ஆக்சிலில் 63 கூடும். முன்னால் செய்கிற சின்ன வேலை பின்னால் பெரிதாகத்தான் வந்து இறங்கும். அமெரிக்காவில் பழைய கார்களுக்குப் பெரிய இஞ்சின் ஏற்றுபவர்கள் ஃபோர்டின் 9 அங்குல ஆக்சிலை உடைசல் கடைகளில் தேடி அலைந்தது இதனால்தான். இங்கே அப்படித் தேட ஒரு ஆக்சில் கிடையாது.

மேஸ்திரி முறிந்த முகத்தை என்னிடம் காட்டினார். ஒரு பாதி மங்கலாக, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன மாதிரி வரி வரியாக இருந்தது. மறுபாதி பளபளவென்று புதுசு. பல் வெட்டின இடத்தில் பழைய விரிசல் ஒன்று ரொம்ப நாளாக வளர்ந்திருக்கு. 88 குதிரை அதை முடித்துவைத்தது, அவ்வளவுதான். ஷாஃப்ட் உள்முனையில் முறிந்ததால் சக்கரம் கழலவில்லை. ஆனால் டிஃபரன்ஷியல் முறிந்த பக்கத்தையே சும்மா சுற்றும். அதனால் ஓட்டவும் முடியாது, கியரில் போட்டு நிறுத்தவும் முடியாது.

லாரியில் இது வேறு மாதிரி. வண்டியின் பாரம் ஹவுசிங் மேல் உட்காரும், ஷாஃப்ட் சுற்ற மட்டும்தான். முறிந்தால் போல்ட்டைக் கழற்றி ரோட்டோரத்திலேயே உருவிவிடலாம். பெரும்பாலான கார்களில் அந்த ஒரே ஷாஃப்ட்தான் பாரத்தையும் சுமக்குது. வெளிமுனையில் முறிந்திருந்தால் சக்கரமே கழன்றிருக்கும். அன்றைக்கு என் கல்லு எதற்கும் உதவியிருக்காது.

முறிந்தது ஒன்றுதான் என்றாலும் ஜோடியாகவே புது ஷாஃப்ட் போட்டார். இ.என்.24 உருக்குக் கம்பி, லேத்தில் கடைந்து, பல் வெட்டி, பதம் ஏற்றியது. (சேலம் உருக்காலைக்குப் பேர் எவர்சில்வரில், அது இந்த வேலைக்கு ஆகாது.) கிரவுன், பினியன் பற்களில் நீல மை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழும்வரை ஷிம்மை மாற்றி மாற்றிப் பார்த்தார். இஞ்சின் ஏற்ற நாலு நாள் ஆனது, பின்பக்கத்துக்குப் பதினோரு நாள்.

சித்தப்பா இப்போ இல்லை. கார் அவர் மகனிடம் இருக்கு. புது டர்போ டீசல் இஞ்சின் ஒன்றை அதில் ஏற்றலாமா என்று போன வாரம் கேட்டான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைச் சொன்னேன். பதிவுச் சான்றில் இருக்கும் தயாரிப்பு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதிசெய்திருக்கு. அவன் முகம் தொங்கிப்போச்சு. சரி, ஞாயிற்றுக்கிழமை டிரம்மைக் கழற்றி, முப்பது வருஷ ஷாஃப்ட் இரண்டிலும் விரிசல் இருக்கான்னு பாப்போம்னு சொல்லியிருக்கேன்.