எண்ணெய்க் கணக்கு

திமிங்கிலத்தைக் காப்பதற்கென்று செய்த சட்டமே வேட்டைக்காரனுக்கு வழி காட்டியது என்றால் நம்புவீர்களா?

1930-31 பருவத்தில் மட்டும் தென் துருவக் கடலில் மாண்ட நீலத் திமிங்கிலங்கள் 29,000-க்கு மேல். சோப்புக்கும் மார்கரைனுக்கும் எண்ணெய் வேண்டுமல்லவா? இப்படியே போனால் நாளைக்கு வேட்டைக்கு எதுவும் மிஞ்சாது என்ற பயம் வந்துவிட்டது. 1946-ல் வாஷிங்டனில் பல தேசத்தார் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அந்தக் கடலில் பருவத்துக்கு 16,000 'அலகு'தான் கொல்லலாம் என்பது வரம்பு.

அலகு என்றால் என்ன? நீலத் திமிங்கிலமானால் ஒன்று. 'ஃபின்' இனமானால் இரண்டு. 'ஸேய்' இனமானால் ஆறு. எல்லாம் எண்ணெயின் அளவைப் பார்த்து வைத்த கணக்கு! உயிரை எண்ணவில்லை, எண்ணெயைத்தான் எண்ணினார்கள்.

ஒரே ஈட்டியில் ஓர் அலகு கிடைக்குமானால், எவன் ஆறு ஈட்டி எறிவான்? நீலம் அரிதாயிற்று, 'ஃபின்' மீது பாய்ந்தார்கள். அதுவும் குறைந்தது, 'ஸேய்' இனத்தின் முறை வந்தது.

1972-ல் அந்தக் கணக்கைக் கைவிட்டார்கள். 1982-ல் வியாபார வேட்டையையே நிறுத்தத் தீர்மானித்தார்கள். ஆனாலும் 2019-ல் ஜப்பான் அந்தச் சபையை விட்டு விலகி மறுபடி வேட்டைக்குக் கிளம்பியது.

பசிக்குக் கொன்றவனைக்கூட மன்னித்துவிடலாம். உயிரைப் படி போட்டு அளந்துவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டியவர்களை எப்படி மன்னிப்பது?