வன்தட்டை அழிக்க உதவிய ‘நம்பகமான’ ட்ரைவர்

2022 பெப்ரவரி 23ஆம் திகதி, ரஷ்யப் படைகள் உக்ரைன் மீது முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்குவதற்குச் சில மணிநேரங்களுக்கு முன்னர், அங்கு நூற்றுக்கணக்கான கணினிகளின் வன்தட்டுகள் சிதைக்கப்பட்டன. அதைச் செய்த மென்பொருளுக்கு ‘ஹெர்மெட்டிக் வைப்பர்’ என்று பின்னர் பெயரிடப்பட்டது.

போரில் ஆவணங்களை இழந்த சமூகத்தைச் சேர்ந்தவன் என்பதால், எனக்கு முதலில் எழுந்த கேள்வி இதுதான்: அழிக்கும் அதிகாரம் அதற்கு எங்கிருந்து கிடைத்தது?

இயங்குதளத்தின் மையப்பகுதி கேர்னல். வன்தட்டு போன்ற சாதனங்களை இயக்கும் ட்ரைவர்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே இயங்குகின்றன. பாவனையில் உள்ள வன்தட்டுப் பகுதியில் சாதாரண மென்பொருள்கள் நேரடியாக எழுதுவதை, விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் தடுத்து வருகிறது. ஆனால் கேர்னலுக்குள் இருக்கும் ட்ரைவருக்கு அந்தத் தடை இல்லை. ஹெர்மெட்டிக் வைப்பர் தன்னுடன் கொண்டுவந்தது, வன்தட்டைப் பிரிக்கும் ஒரு வர்த்தக மென்பொருளின் ட்ரைவரை. அது முறையான டிஜிட்டல் கையொப்பம் கொண்டது. 2012 ஓகஸ்டில் சவூதி அரம்கோவின் சுமார் 30,000 கணினிகளைத் தாக்கிய ‘ஷமூன்’ மென்பொருளும் இவ்வாறே வேறொரு வர்த்தக ட்ரைவரைப் பயன்படுத்தியது.

கையொப்பம் ட்ரைவரைத் தயாரித்தவர் யார் என்பதை மட்டுமே சொல்லும். அதை யார் பயன்படுத்துகிறார் என்பதைச் சொல்லாது. எனவே பாதுகாப்பு வேறு இடங்களிலும் தேவை.

முதலாவது, ட்ரைவர் தன்னை அழைப்பது யார் என்று சோதிக்க வேண்டும். எங்கும் எழுதலாம் என்ற பொது வழியைத் திறந்துவைக்கக் கூடாது. இரண்டாவது, பாவனையில் உள்ள பகுதியில் நேரடியாக எழுதுவதைக் கேர்னலே மறுக்க வேண்டும். 2024 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 6.8 பதிப்பில் இதற்கான தெரிவு சேர்க்கப்பட்டது. மூன்றாவது, ஆபத்தானவை எனத் தெரிந்த ட்ரைவர்களைத் தடைப்பட்டியலில் இட வேண்டும். விண்டோஸ் 11இல் 2022 மேம்படுத்தலிலிருந்து இப்பட்டியல் இயல்பாகவே செயற்படுகிறது. ஆயினும், பட்டியலில் இல்லாத ட்ரைவரை அது தடுக்காது.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்டவரின் புகைப்படம், முறைப்பாட்டுப் பிரதி என எங்கள் வீடுகளில் இன்று பலவும் கணினியிலேயே இருக்கின்றன. அவற்றின் ஒரு பிரதியை வெளி வன்தட்டில் சேமித்து, கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வையுங்கள். இணைக்கப்படாத வன்தட்டை எந்த ட்ரைவராலும் அழிக்க முடியாது.