பேய்க்கதையும் பேரேடும்

சென்ற சில திங்களாக யான் மாலை வேளைகளிற் படித்துவருவன பெரும்பாலும் ஆங்கிலத்துப் பேய்க்கதைகள். இதனைக் கண்ணுற்ற தோட்டத்து நண்பர் ஒருவர், "கிராணியாரே, மேடையேறினால் பேயுமில்லை பிசாசுமில்லை என்று முழங்குகிறீர்கள், வீட்டிலோ நள்ளிரவுவரை பேய்க்கதையே படிக்கிறீர்கள். இஃது என்ன நியாயம்?" என்று வினவினார். வினா நன்று. அதற்கு விடை ஒரு வரியில் அடங்காமையின் இக்கட்டுரையை எழுதலானேன்.

அச்சம் பிறக்கும் இடம்

அச்சம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று என்பது தொல்காப்பியர் கொள்கை. அது பிறக்கும் இடங்களாக அவர் நான்கினைக் கூறுகின்றார்: பேயும் தெய்வமும் போன்ற அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. இருளிலே நிற்கும் பேயையும் அரியணையிலே வீற்றிருக்கும் தலைவனையும் அப்பெரியார் ஒரே வரிசையில் வைத்ததை அன்பர்கள் கருதுதல் வேண்டும். ஆங்கிலப் பேய்க்கதையின் வரலாற்றை இந்த அளவுகோல் கொண்டு அளந்தபொழுது எனக்குப் புலப்பட்டது இது: முதலாம் அச்சத்தை மிக விரிவாக எழுதிய ஆசிரியர் சிலர், தம் சோற்றோடு கலந்திருந்த நான்காம் அச்சத்தைக் கதையில் எழுதினாரல்லர்.

தூரதேசத்துப் பயங்கரம்

இவ்வகை நாவலுக்குத் தந்தை எனப்படுபவர் ஹோரஸ் வால்போல். இங்கிலாந்தின் முதற் பிரதம மந்திரி எனக் கருதப்படும் ராபர்ட் வால்போலின் மகன். மாளிகைப் படிக்கட்டின் உச்சியில் கவசமணிந்த ஒரு பெருங்கை தோன்றுவதாகத் தாம் கண்ட கனவினின்றே, 1764 டிசம்பரில் வெளிவந்த "ஒட்ராண்டோக் கோட்டை" என்னும் கதையை எழுதியதாக அவரே ஒரு கடிதத்தில் கூறியுள்ளார். தம் பெயரை மறைத்து, பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்று பொய் சொல்லி அதனை வெளியிட்டார். மக்கள் விரும்பிப் படிக்கக் கண்டபின், 1765இல் இரண்டாம் பதிப்பிலே உண்மையை ஒப்புக்கொண்டார். மணநாளன்று வானினின்று வீழ்ந்த பேருருவத் தலைக்கவசம் இளவரசனை நசுக்குவதில் தொடங்குகிறது கதை. இன்று படிப்பார்க்கு அச்சத்தினும் நகைப்பே மிகுதியாக வரும். ஆயினும் பாட்டன் செய்த கொலைக்குப் பேரன் குடும்பம் கணக்குத் தீர்ப்பதே அதன் உட்பொருள் என்பதை மறத்தலாகாது.

அவர் வழியே வந்த ஆன் ராட்கிளிப் அம்மையார் 1794இல் "உடால்போவின் மருமங்கள்" என்னும் நாவலை எழுதினார். இவர் பேயைக் காட்டுவார். முடிவில் அது பேயன்று, இன்னதே என்று காரணமும் காட்டுவார். கருந்திரைக்குப் பின்னே கதாநாயகி கண்டு மூர்ச்சித்தது ஒரு மெழுகுப் பதுமையே என்று அறியும்போது பகுத்தறிவாளர் மகிழ்வர். யானும் மகிழ்ந்தேன், ஆனால் அத்தனை பக்கம் நடுங்கியது வீணோ என்று சற்றுச் சினமும் கொண்டேன்.

இக்கதைகள் நிகழும் இடங்களைப் பாருங்கள். ஒட்ராண்டோவும் உடால்போவும் இத்தாலியில். இனி வரப்போகும் இருவர் கதைகளோ ஸ்பெயினிலும் அரபு நாட்டிலும் நிகழ்வன. பயங்கரம் எங்கோ அயல்நாட்டிலேயே இருக்கிறது. ஆசிரியர் வீட்டு வாயிலுக்கு வருவதே இல்லை.

கரும்புத் தோட்டத்துச் செல்வர் இருவர்

வில்லியம் பெக்போர்டு என்பார் ஒன்பது வயதில் தந்தையை இழந்து, ஜமெய்க்காத் தீவின் கரும்புத் தோட்டங்களால் விளைந்த பெருஞ்செல்வத்துக்கு உரியவரானார். அத்தோட்டங்களில் உழைத்தவர் ஆப்பிரிக்க அடிமைகள். 1786இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய "வாதெக்" என்னும் கதையில், அதிகார வெறி கொண்ட கலீபா ஒருவன் ஐம்பது சிறுவரைப் பாதாளத்திற் பலியிடுகிறான். முடிவில், நரக மண்டபத்திலே நெஞ்சு தீப்பற்றி எரிய என்றென்றும் அலைகிறான். இக்காட்சியைப் போல் என்னை உலுக்கியது பிறிதில்லை. ஆனால் இதனை எழுதியவர் தம் ஜமெய்க்காத் தோட்டத்தை ஒருநாளும் கண்டதில்லை. 1787இல் அங்குச் செல்லப் புறப்பட்டவர் லிஸ்பன் நகரிலேயே இறங்கிவிட்டார். அச்செல்வத்தால் எழுப்பிய மாளிகையின் வானளாவிய கோபுரமோ 1825இல் இடிந்து வீழ்ந்தது.

மற்றொருவர் மாத்யூ லூயிஸ். 1796இல், இருபது வயதிலே, "துறவி" என்னும் நாவலை எழுதி நாட்டையே அதிரச் செய்தவர். மத்ரித் நகரத்துத் துறவி ஒருவன் படிப்படியாக வீழ்ந்து, தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்பதே அக்கதை. விறுவிறுப்பு மிகுதி, ஆயின் அச்சம் வேண்டிய இடங்களிலும் அருவருப்பையே வாரி இறைத்துவிட்டார் என்பது என் கருத்து.

இவரும் 1812இல் தந்தை இறக்க, ஜமெய்க்காவில் இரு தோட்டங்களுக்கும் நூற்றுக்கணக்கான அடிமைகளுக்கும் உடையவரானார். ஆனால் இவர் அங்குச் சென்றார். 1816ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கரையிறங்கித் தம் தோட்டத்திலே தங்கினார், சாட்டையை விலக்கினார், விடுமுறை நாள்களைக் கூட்டினார். அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு, அவர் மறைவுக்குப்பின் 1834இல் நூலாயிற்று. பேய்க்கதை வல்லவரின் அந்நூலிற் பேய்க்கதையைக் காட்டிலும் பயங்கரமானது பிறப்பு இறப்புக் கணக்கே. தாய்மார்க்குப் பரிசுகள் வைத்தும் குழந்தைகள் பிறப்பது அரிதாயிருப்பதேன் என்று அவர் வியக்கின்றார். கருப்பங்காட்டிலும் ஆலையிலும் உயிரைப் பிழியும் வேலை அவர் கண்ணெதிரே நடந்தது. எனினும், அடிமைத்தனமே காரணம் என்று எழுத அவர் பேனா துணியவில்லை.

1816 ஆகஸ்டில் அவர் ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரனின் விருந்தினராகத் தங்கிப் பேய்க்கதைகள் சொன்னார். அங்கேயே தம் உயிலுடன் ஒரு பின்னிணைப்பும் எழுதினார்: தமக்குப்பின் தோட்டத்துக்கு உடையவராவோர், மூன்றாண்டுக்கொருமுறை மூன்று மாதம் ஜமெய்க்காவில் தங்கி அடிமைகளின் நிலையை நேரிற் காணல் வேண்டும் என்று. சாட்சிக் கையொப்பமிட்டோர் பைரன், ஷெல்லி, மருத்துவர் பாலிடோரி ஆகியோர். இரக்கம் இருந்தது, ஆயினும் விடுதலை என்ற சொல் அதில் இடம்பெறவில்லை. இரண்டாம் முறை ஜமெய்க்கா சென்று திரும்புகையில் 1818இல் கப்பலிலேயே மஞ்சட்காய்ச்சலால் மாண்டார். கடலில் இறக்கிய அவர் பெட்டி மூழ்காமல், காற்றிலே போர்வை பாய்போல் விரிய, ஜமெய்க்காவை நோக்கியே மிதந்து சென்றது என்பர்.

பூதம் வாய் திறந்தது

லூயிஸ் வருவதற்கு இரண்டு மாதம் முன்னர் அதே ஏரிக்கரையில் மற்றொரு கதை பிறந்திருந்தது. 1815 ஏப்பிரலில், நம் கடலுக்கு அண்மையில் உள்ள சும்பாவாத் தீவின் டம்போரா எரிமலை வெடித்தது. அவ்வோசை சுமத்திராவரை கேட்டது. ஜாவாவிலே பீரங்கி முழக்கம் என மயங்கிப் படைகளை அனுப்பினர். அப்புகைப்படலத்தால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிற் கோடையே இல்லாது போயிற்று. ஓயாத மழையில் வீட்டினுள் அடைபட்டோர் ஆளுக்கொரு பேய்க்கதை எழுத முற்பட்டனர். அவருள் பதினெட்டு வயது மேரி எழுதியதே, 1818இல் வெளிவந்த "பிராங்கன்ஸ்டைன்".

இதுவரை கண்ட கதைகளிலெல்லாம் பேய் அச்சுறுத்தும். மேரியின் கதையில், படைத்தவனால் கைவிடப்பட்ட அவ்வுயிர் தன் கதையைத் தானே சொல்கிறது. "நீ என்னை ஏன் ஆக்கினாய்? ஆக்கியபின் ஏன் துரத்தினாய்?" என்பதே அதன் வழக்கின் சாரம். அமெரிக்காவின் பழங்குடிகள் அழிந்த வரலாற்றைக் கேட்டு அது கண்ணீர் வடிக்கும் இடமும் உண்டு. கொலையும் செய்கிறது, அதை மேரி மறைக்கவில்லை. ஆனால் குற்றத்தின் வேர் எங்கே என்று நம்மைத் தேடவைக்கிறார். யான் படித்தவற்றுள் இதனையே தலைசிறந்ததாகக் கொள்வேன்.

பெரியோர் அக்கதையை எவ்வாறு பயன்படுத்தினர் தெரியுமா? 1823இல் நாடகமாக்கியோர் அப்பூதத்தை ஊமையாக்கினர். 1824இல் பாராளுமன்றத்திலே ஜார்ஜ் கானிங் என்னும் மந்திரி, அடிமைகளை உடனே விடுவித்தல் அக்கதையிற் கண்ட பூதத்தை அவிழ்த்துவிடுவது போலாகும் என்ற கருத்துப்படப் பேசினார். வழக்குரைத்தவனை ஊமையாக்கினர், பின்னர் அவனையே பூச்சாண்டியாகக் காட்டினர்.

நம் கணக்கு

1833இல் சட்டம் இயற்றப்பட்டு 1834இல் நடைமுறைக்கு வந்தபொழுது, இழப்பீடாக 2 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. அது சென்றது உடையவர்க்கு, உழைத்தவர்க்கன்று. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தமையின் 1834 முதல் மொரீசியசுக்கும், 1845 முதல் ஜமெய்க்காவுக்கும் இந்தியாவினின்று ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் அவ்வாறே வந்தனர். மலாயாவில் அவ்வொப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. அடிமைத்தனமும் ஒப்பந்தமும் ஒன்றென்று யான் சொல்லேன். எனினும் இரண்டிலும் மனிதனைப் பெயராகவும் எண்ணாகவும் பதிந்த ஒரு பேரேடு இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவலகத்து அலமாரியைத் துப்புரவு செய்தபோது, கறையான் அரித்த பழைய செக்ரோல் ஒன்று என் கைக்கு வந்தது. பெயர், நாள், கூலி. சில பெயர்களின்மேல் சிவப்பு மைக்கோடு. இறந்தாரா, ஓடினாரா, ஊர் திரும்பினாரா என ஒரு குறிப்பும் இல்லை. கோடு இழுத்தவர் என்னைப்போல் ஒரு கிராணிதான். இன்று கணக்கு கணிப்பொறியில் ஏறிவிட்டது. சென்ற ஆண்டு நெடுங்காலம் உழைத்த முதியவர் ஒருவர் மறைந்தபொழுது, அவர் பெயரை நீக்க எனக்கு ஒரு விசையே போதுமாயிருந்தது. அன்று என் மனத்தில் ஒன்றும் தோன்றவில்லை. லூயிசின் நாட்குறிப்பைப் படித்த இரவிலேதான் உறக்கம் வரவில்லை.

ஆகலின் நண்பருக்கு யான் கூறும் விடை இது: பேயை நம்புவதற்காகப் பேய்க்கதை படிக்கவில்லை. இக்கதை எனக்கு யாரைக் காட்டி அஞ்சச் சொல்கிறது, யாருடைய அச்சத்தைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்டுப் பழகுவதற்கே படிக்கின்றேன். நம் இளைஞரும் அவ்வாறே படிப்பாராக. லயத்துத் திண்ணையில் முதியோர் பேய்க்கதை சொல்லத் தொடங்கினால், மூடநம்பிக்கை என்று எழுந்து போய்விடாதீர்கள். அம்மரத்தடியிலே இறந்தவர் யார், எதனால் இறந்தார் என்று கேளுங்கள். பேயை விட்டுவிட்டுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.