மவுண்ட் காக்ஸ்: பெட்டகத்தை எண்ணாத கடை

2014 பிப்ரவரியில் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. லண்டனிலிருந்து விமானம் ஏறி வந்த ஒருவர் அங்கே ஓர் அலுவலக வாசலில் அட்டையைப் பிடித்தபடி நின்றார். எங்கள் பணம் எங்கே என்று அந்த அட்டை கேட்டது. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனம் மவுண்ட் காக்ஸ். அதற்கு முந்தைய ஆண்டு உலகத்து பிட்காயின் வியாபாரத்தில் பெரும்பகுதி அந்த ஒரே கடை வழியாகத்தான் நடந்தது.

கிரிப்டோ பற்றிய வாக்குவாதங்கள் பெரும்பாலும் விலை ஏறுமா இறங்குமா என்பதோடு நின்றுவிடுகின்றன. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சாவி யாரிடம் இருக்கிறது, இருப்பை யார் எண்ணிப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

அமெரிக்கரான ஜெட் மெக்கேலப் 2007இல் ஒரு சீட்டு விளையாட்டின் இணைய அட்டைகளை வாங்கி விற்பதற்காகப் பதிவுசெய்த முகவரிதான் மவுண்ட் காக்ஸ். 2010 ஜூலையில் அதையே பிட்காயின் சந்தையாக மாற்றினார். 2011 மார்ச்சில் டோக்கியோவில் வசித்த பிரெஞ்சுக்காரர் மார்க் கார்ப்பலேஸ் கைக்கு அது போனது. அந்த ஜூன் மாதமே யாரோ உள்ளே புகுந்து கணக்குகளைக் கையாண்டதில், 17 டாலருக்கு விற்ற பிட்காயின் அந்தச் சந்தையில் சில நிமிடங்களுக்கு ஒரு சென்ட்டுக்கு விழுந்தது. அன்றே கடையை மூடி, இருப்பை முழுதாக எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் கிளையில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், ஒன்று என்னிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். மாலையில் நோட்டுகளை வகைவாரியாக எண்ணி, ரொக்கப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே பூட்டுவோம். நூறு ரூபாய் இடித்தாலும் கேஷ் டேலி ஆகும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இது போதாதென்று வேறு கிளை அதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எல்லாக் கட்டையும் பிரித்து எண்ணுவார். எங்களை நம்பாததால் செய்த ஏற்பாடு அது. அது சரியான ஏற்பாடு.

மவுண்ட் காக்ஸில் இதில் எதுவும் நடக்கவில்லை. 2011 முதலே காசு கசிந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளரின் திரையில் தெரிந்த இருப்பு ஒன்று, பெட்டியில் இருந்தது வேறு. 2014 பிப்ரவரி 7 அன்று பிட்காயினை வெளியே எடுப்பதை நிறுத்தினார்கள். 28ஆம் தேதி டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டார்கள். வாடிக்கையாளர்களின் 7,50,000 பிட்காயினும் நிறுவனத்தின் சொந்த 1,00,000 பிட்காயினும் காணோம் என்றார்கள். மார்ச்சில், பழைய கணக்கு ஒன்றில் 2,00,000 பிட்காயின் கிடந்தது என்று அறிவித்தார்கள். கையில் இருப்பது இவ்வளவு என்றே தெரியாமல் ஊரார் பணத்தை வாங்கி வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கார்ப்பலேஸ் 2015இல் கைதானார். கணக்குப் பதிவைத் திரித்ததற்காக 2019இல் இரண்டரை ஆண்டுத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தார்கள். கையாடல் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார். திருட்டில் ஈடுபட்டதாக 2023இல் அமெரிக்க நீதித் துறை ரஷ்யர் இருவர் மீது குற்றம் சாட்டியது.

பணம் போட்டவர்கள் பட்ட பாடு வேறு. திவால் சட்டப்படி அவர்களின் பாக்கியை 2014 விலையில், ஒரு பிட்காயினுக்குச் சுமார் 483 டாலர் என்று முடக்கினார்கள். 2017 முடிவில் விலை 20,000 டாலரை நெருங்கியது. பாக்கியைத் தீர்த்த பிறகு மிஞ்சும் பெருந்தொகை பங்குதாரர்களுக்கே போகும் நிலை. போராடித்தான் 2018 ஜூனில் வழக்கை மறுசீரமைப்புச் சட்டத்துக்கு மாற்றினார்கள். பிட்காயினாகத் திருப்பித் தரத் தொடங்கியது 2024 ஜூலையில்.

பிட்காயினின் பதிவேடு உடையவில்லை, கடைதான் ஓட்டை என்பார்கள் ஆதரவாளர்கள். உண்மைதான். ஆனால் பிட்காயினை உருவாக்கிய சடோஷி நாகமோட்டோ 2008இல் வெளியிட்ட கட்டுரை, இடையில் யாரையும் நம்பாமல் பணம் அனுப்பும் வழியைத்தான் சொன்னது. அப்படி அனுப்ப வேண்டுமானால் பிட்காயினைத் திறக்கும் ரகசியச் சாவியைத் தானே காக்க வேண்டும்; அது சாதாரண மனிதருக்குப் பெரும்பாடு. வேல்ஸில் ஒருவர் ஆயிரக்கணக்கான பிட்காயினின் சாவி இருந்த ஹார்ட் டிஸ்க் குப்பைக் கிடங்குக்குப் போய்விட, அதைத் தோண்டி எடுக்க நீதிமன்றம்வரை போயும் தோற்றார். அதனால் ஜனங்கள் திரும்பவும் ஒரு கடையைத்தான் நம்புகிறார்கள், அதுவும் வங்கிக்கு உள்ள காவல் இல்லாத கடையை. 2022இல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை விழுந்ததும் வாடிக்கையாளர் பணத்தை வேறிடம் திருப்பியதால்தான்.

நம் நாட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. வங்கியில் போடும் வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. கிரிப்டோ சந்தையில் போடும் பணத்துக்கு அந்தக் காப்பீடு இல்லை.