கரையோடு நின்ற ஒப்பந்தம்: பால்டிக் கடலோர வட்டார அரசுகளின் கூட்டுறவு, 1953–2022

பால்டிக் கடலைச் சுற்றியுள்ள நகரங்களின் உறவை எழுதுவோர் பலரும் இடைக்கால ஹன்சா வணிகக் கூட்டணியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ல்யூபெக், கதான்ஸ்க், ரீகா, தாலின் ஆகியவை ஒருகாலத்தில் ஒரே வணிக வலையில் இருந்தன என்பது உண்மை. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அந்த நினைவு மேடைப் பேச்சுக்குத்தான் பெரிதும் பயன்பட்டது. மாகாணங்களையும் நகராட்சிகளையும் ஒன்றுசேர்த்த காரணம் அந்தக் கடலின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

பால்டிக்கின் சராசரி ஆழம் ஏறத்தாழ 55 மீட்டர்தான். டென்மார்க்கை ஒட்டிய ஒடுங்கிய நீரிணைகள் வழியாகவே பெருங்கடலின் உப்புநீர் உள்ளே வருகிறது. கடல்நீர் முழுதும் மாற ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகும். வயல்களிலிருந்து வழியும் தழைச்சத்தும் சாக்கடையோடு வரும் மணிச்சத்தும் அதுவரை உள்ளேயே தேங்குகின்றன. கோடையில் நீலப்பச்சைப் பாசி படர்கிறது. அது மடிந்து அழுகும்போது கடலடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. இதன் வடிநிலத்தில் சுமார் எட்டரைக் கோடிப் பேர் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கழிவுநீரை என்ன செய்வது என்று முடிவெடுப்பது வெளியுறவு அமைச்சகம் அல்ல, நகராட்சி.

பனிப்போர்க் காலத்தில் இந்த மாசைப் பற்றி வெளிப்படையாகப் பேச இடமில்லை. பின்லாந்தின் துர்க்குவும் சோவியத்தின் லெனின்கிராடும் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) 1953-இல் நட்பு நகரங்களாயின. கிழக்கு ஜெர்மனி 1958 முதல் 1975 வரை ரோஸ்டாக்கில் ‘பால்டிக் வாரம்’ நடத்தியது. தன் அரசுக்கு உலக அங்கீகாரம் தேடுவதே அதன் முதன்மை நோக்கம். 1974-இல் ஹெல்சின்கியில் ஏழு கரையோர நாடுகள் கடல் சூழல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இரு ஜெர்மனிகளும் சோவியத் ஒன்றியமும் அவற்றில் அடங்கும். எதிரெதிர் முகாம்கள் ஒரே தாளில் கையொப்பமிட்டது பெரிய செய்திதான். ஆயினும் அந்த ஒப்பந்தத்தின் எல்லைக்குள் நாடுகளின் உள்நீர்ப்பரப்புகள் வரவில்லை. மாசு புறப்படும் ஆற்று வாய்க்கும் துறைமுகத்துக்கும் வெளியே அது நின்றுவிட்டது. 1992-இல் எழுதப்பட்ட புதிய ஒப்பந்தமே உள்நீரையும் வடிநிலத்தையும் சேர்த்துக்கொண்டது.

அந்த இடைவெளியில்தான் வட்டாரங்கள் நுழைந்தன. வட ஜெர்மனியின் கீல் நகரம் 1985-இல் போலந்தின் கதினியாவுடனும், 1986-இல் அப்போது சோவியத் ஆட்சியில் இருந்த தாலினுடனும் இணைநகர உறவு கொண்டது. 1988-இல் கீல் அடங்கிய ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் முதல்வரான ப்யோர்ன் எங்ஹோல்ம் ‘புதிய ஹன்சா’ என்ற முழக்கத்தை முன்வைத்தார். வெளியுறவு நடுவண் அரசின் அதிகாரம் என்பதால் அவரால் உடன்படிக்கை போட முடியாது. ஆட்களையும் அறிவையும் பரிமாற முடிந்தது. 1991-இல் கதான்ஸ்கில் 32 நகரங்கள் கூடிப் பால்டிக் நகரங்கள் ஒன்றியத்தை நிறுவின. நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கோபன்ஹேகனில் கூடிப் பால்டிக் கடல் நாடுகள் மன்றத்தை அமைத்தது அதற்கடுத்த ஆண்டில்தான். நகரங்கள் முதலில், நாடுகள் பிறகு என்ற இந்த வரிசைமுறை என் வாதத்துக்கு முக்கியமானது. 1993-இல் மாநில, மாகாண அளவிலான கூட்டுறவு அமைப்பு நார்வேயின் ஸ்தவாங்கரில் பிறந்தது. அவ்வூர் வடகடல் கரையில் இருப்பது தற்செயலாயினும், ‘பால்டிக் வட்டாரம்’ என்பது நிலவரைபடத்தை விட அகலமான கருத்தாகிவிட்டதைக் காட்டுகிறது.

ஆனால் இந்த வட்டார அமைப்பின் மேசையில் அமர்ந்தவர்கள் சமமானவர்கள் அல்லர். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனுக்குச் சொந்தச் சட்டமன்றம் உண்டு. ஸ்வீடனின் மாகாண மன்றங்களுக்கு மருத்துவமனைகளே பெரும் பொறுப்பு. போலந்தின் மாகாணங்களுக்கோ மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்கள் 1999 சீர்திருத்தத்துக்குப் பிறகே வந்தன. அதுவரை ஜெர்மானியர் முதல்வர் என்ற முறையில் பேச, போலந்திலிருந்து வந்தவர் வார்சாவின் அதிகாரியாகவே பேச வேண்டியிருந்தது.

கூட்டுறவின் பயனை அளக்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சிறந்த இடம். அந்நகரின் தென்மேற்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை 1980-களில் தொடங்கிப் பணமின்றி நின்றுபோனது. பின்லாந்து, ஸ்வீடன் உதவியோடும் பன்னாட்டு வங்கிக் கடன்களோடும் அது 2005-இல் முடிந்தது. ஏறத்தாழ 7 லட்சம் பேரின் கழிவு அதன்பின் சுத்தமாகிப் பின்லாந்து வளைகுடாவுக்குச் சென்றது. ஹெல்சின்கியில் செலவிடும் ஒரு யூரோவை விட செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நேவா ஆற்றங்கரையில் செலவிடும் ஒரு யூரோ பின்லாந்துக் கரைக்கு அதிக நன்மை தரும் என்ற கணக்கைப் பின்லாந்தினர் தயங்காமல் ஏற்றார்கள். அண்டை வீட்டுச் சாக்கடைக்குத் தன் வரிப்பணத்தைத் தரும் மனம் எளிதில் வருவதன்று. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

கலினின்கிராட் வேறு கதை. போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவே சிக்கிய இந்த ரஷ்ய மாகாணம், 1998-இல் மால்போர்க்கில் உருவான ‘யூரோரீஜன் பால்டிக்’ என்ற எல்லை தாண்டிய வட்டாரக் கூட்டுறவு அமைப்பில் பங்கேற்றது. 2012 முதல் எல்லையோர மக்கள் விசா இல்லாமல் போலந்துப் பக்கம் வந்துபோக ஒரு ஏற்பாடு இருந்தது. போலந்து அதை 2016-இல் நிறுத்தியது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபின், 2022 மார்ச்சில் கதான்ஸ்க் நகர்மன்றம் கலினின்கிராடுடனும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குடனும் கொண்டிருந்த உறவை முறித்தது. அம்மன்றத்தை நான் குறைகூற மாட்டேன். படையெடுத்தவர் செயலுக்கு அதுவே நேர்மையான எதிர்வினை. அந்த மே மாதம் ரஷ்யா பால்டிக் கடல் நாடுகள் மன்றத்திலிருந்து வெளியேறியது. 1974-இல் தொடங்கிய ஹெல்சின்கி ஒப்பந்தத்திலோ அது இன்னும் உறுப்பு நாடு. ஆனால் ரஷ்யா பங்குபெறும் கூட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. இரு கரைப் பொறியாளர்களும் நேரில் சந்தித்து அளவீடுகளை ஒப்பிட்ட மேசைகள் காலியாகிவிட்டன.