இகரத்தை விழுங்கிய அஞ்சல்

171இலிருந்து 128ஐக் கழித்தால் 43. தொண்ணூறுகளின் பின்பாதியில் தமிழில் மின்னஞ்சல் எழுதியவர்களில் பலர் இந்தக் கழித்தல் கணக்கால் அவதிப்பட்டிருக்கிறார்கள், இது கணக்கு என்று தெரியாமலே. திஸ்கி குறியாக்கத்தில் 'அ' இருந்த இடம் 171. ஆனால் மின்னஞ்சலைக் கடத்தும் எஸ்எம்டிபி நெறிமுறையை 1982இல் எழுதியபோது ஓர் எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். வழியில் பழைய சேவையகம் ஏதாவது எட்டாவது பிட்டை வெட்டிவிட்டால் 128 குறைந்துவிடும். 43ஆம் இடத்தில் இருப்பது கூட்டல் குறி. 'அம்மா' என்று எழுதினால் முதலில் ஒரு கூட்டல் குறி போய்ச் சேரும். 'ஆ' காற்புள்ளியாகிவிடும்.

தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுத்துரு செய்தவர்கள், மாநாடு நடத்தியவர்கள் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, இங்கே பிறந்து சிட்னிக்குப் போன பாலா பிள்ளையின் தமிழ்.நெட், 1997இல் சிங்கப்பூர் மாநாடு, 1999இல் சென்னை மாநாடு. எல்லாம் சரிதான். 'அஞ்சல்' என்று பெயர் வைத்ததிலேயே அன்றைக்கு நமக்கு என்ன வேண்டியிருந்தது என்பது தெரிகிறது. ஆனால் 1515க்கு டயல் செய்து, மோடம் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து கடிதத்தைத் திறந்தவருக்கு அந்தத் தமிழ் தெரிந்ததா இல்லையா என்பதை முடிவு செய்தது மாநாடு அல்ல. மின்னஞ்சல் மென்பொருளின் நாலாவது அடுக்கில் ஒளிந்திருந்த ஒரு சின்னப் பொத்தான்.

அவுட்லுக் எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்வோம். 1997இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4உடன் இலவசமாக வந்ததால் பெரும்பாலான வீடுகளில் அதுதான் இருந்தது. தமிழ்க் கடிதம் படிக்க 'விருப்பங்கள்', அதற்குள் 'படித்தல்', அதற்குள் 'எழுத்துருக்கள்' என்று போய், அந்தப் பட்டியலில் 'பயனர் வரையறை' என்ற மொழியே இல்லாத வகையைத் தேடி, அதற்குத் திஸ்கி எழுத்துருவைக் கொடுக்க வேண்டும். அனுப்புவதற்கு வேறு வழி: 'அனுப்புதல்', 'வெற்று உரை அமைப்புகள்'. அங்கே குறியாக்கம் வேண்டாமா, பேஸ்64ஆ, கோட்டட் பிரின்டபிளா என்று கேட்கும். யாருக்குப் புரியும்? கோட்டட் பிரின்டபிள் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஒரு சமக்குறி, கூட இரண்டு எழுத்து என்று மாற்றி ஏழு பிட்டுக்குள் பத்திரமாக அனுப்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தலைப்புத் தகவல் வழியில் தொலைந்துவிட்டால், வாங்கியவர் பார்ப்பது பக்கம் முழுக்கச் சமக்குறி.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கோளாறு இகரம் காணாமல் போனது. திஸ்கியின் தொடக்க வடிவங்களில் 'இ'க்குக் கொடுத்த இடம் 173. லத்தீன் அட்டவணையில் அதே இடம் மென்கோட்டுக்கு உரியது, அதாவது வரி முடிவில் சொல் உடைந்தால் மட்டும் தலைகாட்டும் இணைப்புக்கோடு. பல மென்பொருள்கள் அதைக் காட்டாமலே விட்டன. 'இல்லை' என்று எழுதினால் 'ல்லை'. 'இன்று' எழுதினால் 'ன்று'. எழுதியவர் தட்டச்சுப் பிழை செய்ததாகவே வாங்கியவர் நினைப்பார். திஸ்கி 1.7இல் இகரத்தை 254ஆம் இடத்துக்குக் குடிபெயர்த்தார்கள். வேறொரு மொழியின் இணைப்புக்கோட்டுக்காக நம் உயிரெழுத்து வீடு மாறியது.

இதற்கிடையே 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களை அறிவித்தது. டாபில் எழுதிய கடிதத்தைத் திஸ்கி எழுத்துருவில் திறந்தால் அழகான தமிழ் எழுத்துகள் தெரியும், ஒரு சொல்லும் புரியாது.

யூனிகோடு வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்பார்கள். உண்மையில் நிஜமான அழிவு அங்கேதான் தொடங்கியது. மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் வைத்திருந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸில் யூனிகோடு தமிழில் எழுதி அனுப்பினால் ஒரு பெட்டி குதிக்கும்: யூனிகோடாக அனுப்பவா, உள்ளபடியே அனுப்பவா? 'உள்ளபடியே' என்றால் நாம் எழுதியபடியே போகும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அதை அழுத்தினால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் கேள்விக்குறியாகிவிடும். லத்தீன் குப்பையாகத் தெரியும் பழைய திஸ்கி கடிதத்தில் எல்லா எண்ணும் அப்படியே இருக்கிறது. எழுத்துருவைப் போட்டால் படிக்கலாம். கேள்விக்குறியான கடிதத்தில் ஒன்றும் இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒரே குப்பைதான். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே அழித்துக்கொண்டிருக்கிறோம்.

உலு திராமில் எங்கள் தாமானில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன வருடம் ஒரு குறுந்தட்டைக் கொடுத்தார். "தம்பி, எங்கண்ணன் வெளிநாட்டுலேருந்து எழுதுன கடிதமெல்லாம் இதுல இருக்கு. எல்லாம் கிறுக்கலா வருது. தூக்கிப் போட்டுடலாமான்னு மகன் கேக்குறான்" என்றார். "போட்டுடாதீங்க சார்" என்று வாங்கி வந்தேன். முதல் சில வருடத்துக் கடிதங்கள் திஸ்கி. பைத்தானில் சின்ன நிரல் போதும். திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருப்பதால் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும். அதைத் தூக்கிப் பின்னால் வைக்க வேண்டும், 'கொ' என்றால் கொம்பையும் காலையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்தக் கடிதங்கள் முழுசாக வந்துவிட்டன, இகரத்தோடு. அச்சடித்துக் கொடுத்தேன்.

பிந்தைய கடிதங்கள் கேள்விக்குறிகள். அவற்றில் தப்பியவை முற்றுப்புள்ளி, எண்கள், ஆங்கிலச் சொற்கள் மட்டும். ஒரு கடிதத்தில் ஏழெட்டு வரி கேள்விக்குறி, நடுவில் ஒரு தொலைபேசி எண், மறுபடியும் கேள்விக்குறி. சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தார். "இது எங்க அத்தை வீட்டு நம்பர்" என்றார்.